முகாமில் நீட்டுகிற படிவம்: யார் கையெழுத்துப் போடலாம், யார் பொறுக்க வேண்டும்

வாசகர் கேள்வி

ராதாபுரம் வட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு மன்னார். அம்மா ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அம்மாவின் அப்பா களக்காட்டிலிருந்து தேயிலைக்குப் போனவர். பெற்றோர் 1985-இல் இங்கே வந்தார்கள், ஒப்பந்தம் போட்ட பிறகு 1987 கடைசியில் திரும்பிப் போனார்கள், 1990-இல் மறுபடியும் படகேறினார்கள். அண்ணன் 1987 பிப்ரவரியில் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவர். நான் 1999-இல் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பிறந்தேன். கணவர் திசையன்விளைக்காரர். இரண்டு வயதில் மகன் இருக்கிறான். சித்தப்பா குடும்பம் 2022-இல் தனுஷ்கோடி வழியாக வந்து மண்டபத்தில் இருக்கிறது.

இரண்டு அரசும் பேசி முடித்துவிட்டன, எல்லாரையும் அனுப்பப் போகிறார்கள் என்று முகாமில் பேச்சு. இந்தியா தர்மசாலை இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதாமே? ஊர் திரும்ப விருப்பமா என்று படிவம் வந்தால் குடும்பமாகக் கையெழுத்துப் போடலாமா? அப்பாவுக்குப் போக ஆசை, எங்களுக்கு இல்லை. அண்ணனை ஒரு ஏஜென்ட் இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்கிறார். என் மகன் இந்தியன்தானா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

குடும்பமாகக் கையெழுத்து என்பதை முதலில் மறந்துவிடுங்கள். அப்பா, அம்மா, அண்ணன், நீங்கள், உங்கள் மகன் ஆகிய ஐந்து பேரும் சட்டத்தின் கண்ணில் ஐந்து நிலையில் இருக்கிறீர்கள். முகாம் பதிவேட்டில் குடும்பத் தலைவர் பெயருக்குக் கீழே எல்லாரும் வரிசையாக இருப்பதால், எந்தத் தாள் வந்தாலும் அப்பா ஒரு கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அரிசிக்கும் மாதப் பணத்துக்கும் அது சரி. நாடு திரும்புகிற படிவத்துக்கு அது சரிவராது. பதினெட்டு வயது தாண்டிய ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். ஒருவர் சம்மதம் இன்னொருவரைக் கட்டாது.

இனி அந்தப் பேச்சுக்கு வருகிறேன். பயப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. இரண்டு நாடுகளும் உங்கள் தலைகளை எண்ணிப் பங்கு போட்டது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போன மலையகத்து மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எழுதினார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கிறது: தமிழ்நாட்டில் உள்ள அகதிகள் திரும்புவதோடு கூடவே, இலங்கையில் தங்கிவிட்ட இந்தியக் குடிமக்களை இந்தியா அழைத்துக்கொள்வதை விரைவுபடுத்தும் என்பது. உங்கள் பெற்றோர் 1987 கடைசியில் படகேறியது அந்தக் காலத்தில்தான். ஒரே வீட்டில் ஒருவரை இங்கிருந்து அங்கே அனுப்பவும் இன்னொருவரை அங்கிருந்து இங்கே வரவழைக்கவும் அந்த ஒரு வரியே போதும் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் தடுப்பது எது? இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை. உள்நாட்டில் அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு, உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள பாதுகாப்பு, குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில் 1996-இல் சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது. அதே கோர்ட் 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா வழக்கில், நாடு கடத்தலுக்கு இடைக்காலத் தடை தர மறுத்தது. ஆனால் உரிய நடைமுறையைப் பின்பற்றாமல் அனுப்பக் கூடாது என்றது. ஆகக் கையில் இருப்பது நடைமுறைதான். தாள், தேதி, கையெழுத்து, எழுத்துமூல உத்தரவு. அதனால்தான் இந்தக் கடிதம் முழுக்கத் தாள்களைப் பற்றியே பேசப்போகிறேன்.

1992-இல் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோதும் பிரச்சினை இதில்தான் வெடித்தது. விருப்பத்தின் பேரில் போகிறார்களா, போகவைக்கப்படுகிறார்களா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. விருப்பமில்லாதவரை அனுப்ப மாட்டோம் என்று அரசு அங்கே உறுதி சொன்னது. ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் போட்டு, போகிறவர்களின் விருப்பத்தைத் தனியாகக் கேட்டறிந்தது. உங்களுக்கு முப்பது வருடத்துக்கு மேலாக நிற்கிற அரண் அதுதான்.

தர்மசாலை என்ற பேச்சு 2025 மே 19-இல் வந்தது. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை பெற்று, தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற உத்தரவுக்கு உள்ளான ஒருவருடைய மனுவை விசாரிக்கையில் நீதிபதி வாயால் சொன்னது. மனு தள்ளுபடி ஆனது. முகாம்களில் இருப்பவர்களை அனுப்பச் சொல்லும் உத்தரவு அதில் எதுவும் இல்லை. தொலைக்காட்சியில் ஓடியது அந்த ஒரு வாக்கியம்தான், வழக்கு ஓடவில்லை.

திருப்பி அனுப்பச் சொல்லிப் பக்கத்து நாடு கொடுக்கிற நெருக்குதல் எப்போதும் லாரி வைத்து ஏற்றுவதாக வராது. வந்த இடங்களும் உண்டு. இந்தியாவைப் போலவே அகதிகள் உடன்படிக்கையில் சேராத தாய்லாந்து, 2025 பிப்ரவரியில் பத்து வருடத்துக்கு மேல் அடைத்து வைத்திருந்த 40 உய்குர் மக்களைச் சீனாவிடம் ஒப்படைத்தது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. மியான்மரில் 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி டெல்லி கடிதம் எழுதியும் மிசோரம் அரசு அங்கிருந்து வந்த சின் இன மக்களுக்கு இடம் கொடுத்தது. மாநில அரசு மனசு வைத்தால் சோறும் கூரையும் கிடைக்கும். நம்முடைய அரசும் 2021-இல் முகாமின் பெயரை மாற்றி, வீடு கட்டி, மாதப் பணத்தை உயர்த்தியது. குடியுரிமையும் வெளியேற்றமும் மத்தியப் பட்டியலில் இருப்பவை. அவற்றைச் சென்னையால் கொடுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கலெக்டர் கையெழுத்துப் போடுகிற இடத்திலும் பெரும்பாலும் டெல்லி கொடுத்த அதிகாரத்தில்தான் போடுகிறார்.

நம் பக்கத்தில் நெருக்குதல் தேதியாக வருகிறது. 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடப்பில் இருக்கிறது. 1946-ஆம் வருட வெளிநாட்டினர் சட்டம் உட்பட நாலு பழைய சட்டங்கள் போய்விட்டன. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதோடு கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட், விசா விதிகள் பொருந்தாது. அது என்ன தேதி என்று கேட்பீர்கள். கொழும்பில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள் அது. அங்கே ஆட்சி மாறிய நாளை இங்கே கதவு சாத்துகிற நாளாக வைத்திருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன். அதற்குப் பிறகு வந்தவருக்கு, வந்த காரணம் எதுவானாலும், இந்த ஆணையில் இடமில்லை. உங்கள் சித்தப்பா குடும்பம் அந்த வகை. அவர்களுடைய தாள்களை உங்களுடையதோடு சேர்த்து ஒரே மனுவாக எங்கும் கொடுக்காதீர்கள். அவர்களுக்குத் தனி வழக்கறிஞர், தனிக் கோப்பு. தனுஷ்கோடியில் இறங்கிய அன்று கடலோரக் காவல் போலீஸ் எழுதிய தாளிலிருந்து எல்லாவற்றுக்கும் நகல் இருக்க வேண்டும்.

ஆணையில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள்: பதிவு பெற்ற. இதில்தான் உங்களுக்கு நேரடி ஆபத்து. கல்யாணமாகித் திசையன்விளைக்குப் போய்விட்டீர்களா, இன்னும் முகாமில் இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. முகாமை விட்டு வெளியே குடியிருந்து, கணக்கெடுப்பில் இரண்டு மூன்று தடவை ஆள் இல்லை என்று எழுதப்பட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் போவது மாதம் ஆயிரம் ரூபாயும் அரிசியும் மட்டும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். போவது பதிவு. பதிவு போனால் மேலே சொன்ன விலக்கைக் கேட்க உங்களிடம் சான்று இல்லை. முகாமுக்கு வெளியே கணவர் வீட்டில் இருக்கப்போகிறீர்கள் என்றால் கலெக்டருக்கு எழுதி அனுமதி வாங்கி, அந்த ஊர்ப் போலீஸ் நிலையத்தில் முகாம் சாராத அகதியாகப் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு கைக்கு வந்த பிறகுதான் முகாம் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் நடுவில் தொங்குவீர்கள்.

இப்போது அண்ணன். உங்கள் வீட்டில் மிக வலுவான ஆள் அவர்தான். குடியுரிமைச் சட்டம் 1955-இன்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டுக்காரர் என்றாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். அவர் பிறந்தது 1987 பிப்ரவரி. நாலரை மாத வித்தியாசத்தில் அவர் பக்கம் கதவு திறந்திருக்கிறது. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதே காரணத்தால் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதற்கு முன்பே 2010-இல் ஒரு திபெத்தியப் பெண்ணுக்கு டெல்லி உயர் நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. அண்ணன் யாரிடமும் குடியுரிமை கேட்க வேண்டியதில்லை. இருப்பதை நிரூபித்தால் போதும்.

ஆகவே அந்த ஏஜென்ட் சொல்வது விஷம். பிறப்பால் இந்தியரான ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமையை ஏற்றால் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். அதற்கான விதிகளில், வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கியதே விரும்பி ஏற்றதற்கு முடிவான சான்று என்று எழுதியிருக்கிறது. மூன்று மாதத்தில் கைக்கு வரும் ஒரு சிறு புத்தகம் பிறந்த நாளிலிருந்து இருக்கிற உரிமையை அழித்துவிடும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவர் பெயரில் எந்த விண்ணப்பமும் போகக் கூடாது, தூதரகப் பிறப்புப் பதிவு உட்பட. குழந்தையாக இருந்தபோது பெற்றோர் ஏற்கெனவே பதிந்திருந்தால் அது வேறு விஷயம். விவரம் தெரியாத வயதில் நடந்ததை விருப்பம் என்று சொல்ல முடியாது என வாதாடலாம். ஆனால் அப்படி நடந்திருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு வேண்டிய தாள்கள் இவை. ராமநாதபுரம் நகராட்சியில் 1987 பிறப்புப் பதிவேட்டின் நகல். பெயர் இல்லாமல் ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கலாம். பரவாயில்லை, பெயர் சேர்க்கத் தனி மனு உண்டு. பதிவே இல்லை என்றால் ‘பதிவு இல்லை’ என்று எழுதிய சான்று வாங்கி, தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் போக வேண்டும். அதற்குத் துணையாக, 1985-இல் உங்கள் பெற்றோருக்கு முகாமில் கொடுத்த குடும்ப அட்டையில் பிறகு குழந்தை பெயர் சேர்த்த வரி, தடுப்பூசி அட்டை, கிறிஸ்தவக் குடும்பம் என்றால் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல்.

இதில் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. 1990-இல் கூட்டமாக வந்து இறங்கியபோது மண்டபத்தில் அவசரமாகப் பதிந்தார்கள். மூன்று வயதுப் பையனுக்குப் பிறந்த இடம் கேட்டால், அப்பா ஊரைச் சொல்ல, மன்னார் என்று எழுதியிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அதைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார்கள். இன்று பாஸ்போர்ட் விசாரணைக்கு வருகிற, முகாம்களைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீஸ் முதலில் எடுப்பது அந்தப் பதிவேட்டைத்தான். அதனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே முகாம் பதிவேட்டில் அவர் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேட்டு வாங்கிப் பாருங்கள். தவறாக இருந்தால் திருத்த மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் வர மாதங்கள் ஆகும். ரசீதுக்கே கோர்ட்டில் மதிப்பு உண்டு. 1987-க்கும் 1990-க்கும் இடையில் இலங்கையில் அவருக்கு இன்னொரு பிறப்புச் சான்றிதழ் எடுத்தார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டு சான்றிதழ் இருந்தால் அதை ஒளிப்பதை விட, ஏன் எடுத்தோம் என்று எழுதி வைப்பது நல்லது.

பிறகு திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் முறையாக விண்ணப்பம். முகாம் முகவரியை மறைக்க வேண்டாம். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், என்ன நடந்தது என்று அன்றே மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அதிகாரிக்குப் பதிவுத் தபால் போடுங்கள். மறுப்பு உத்தரவு கையில் இருந்தால்தான் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் மதுரைக் கிளைக்குப் போகும்போது வழக்கு நிற்கும். முடியும் வரை முகாம் பதிவை விட்டுவிட வேண்டாம். வாக்காளர் அட்டைக்கும் அவசரப்பட வேண்டாம். குடிமகன் என்று உறுதிமொழி தந்து விண்ணப்பிப்பது அது. நிரூபிக்கும் முன் உறுதிமொழி கொடுத்து, பொய் என்று யாராவது எழுதிப்போட்டால் அதுவே தனி வழக்கு. ஆதார் எல்லாரிடமும் இருக்கிறது. அது இங்கே வசிப்பதற்கு அடையாளம், குடியுரிமைக்குச் சான்று ஆகாது.

உங்களுக்கும் மகனுக்கும் சட்டம் இறுக்கமானது. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்கள், அல்லது ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவர். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது ஊரெல்லாம் இந்தத் தேதிகளைப் பேசியது. உங்களுக்கு அவை புதிதாக இருக்காது. மகனுக்கு அப்பா வழியில் குறையில்லை. கேள்வி உங்களைப் பற்றியது. சட்டவிரோதக் குடியேறி என்றால் செல்லத்தக்க தாள் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவர் என்று சட்டம் வரையறுக்கிறது. நீங்கள் எங்கும் நுழையவில்லை, ஐகிரவுண்டில் பிறந்தீர்கள். இங்கே பிறந்தவரை நுழைந்தவர் என்று சொல்ல முடியாது என 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது முன்னாள் இந்தியர்களின் மகள் வழக்கு, அகதி வழக்கு இல்லை. நல்ல வாதம், உறுதியான தீர்வு அல்ல. விலக்கு ஆணையும் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் போட்டதில்லை, ஆகவே அது தானாக உங்களைக் கைதூக்கிவிடாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டிலிருந்து வந்தவர்கள்தான். இலங்கை இல்லை.

இதைவிடப் பெரிய வழி உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கலாம். அம்மாவின் அப்பா களக்காட்டுக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். 1964 ஒப்பந்தத்தின்படி மலையகத்தில் விண்ணப்பம் வாங்கியது 1968-இலிருந்து 1970 வரை. அவர் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்து, இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தால், அப்போது சிறுமியாக இருந்த அம்மாவின் பெயரும் அதில் இருக்கலாம். பாஸ்போர்ட் கிடைத்தும் வராமல் நின்றவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. தலைமன்னார் கப்பலும் 1984-இல் நின்றது. 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, மன்னார் பக்கம் போய்விட்ட மலையகக் குடும்பங்களில் இந்தக் கதை சாதாரணம்.

அப்படி இருந்தால் கணக்கே மாறுகிறது. அம்மா அன்றே இந்தியக் குடிமகள். நீங்கள் 1999-இல் பிறந்தபோது பெற்றோரில் ஒருவர் குடிமகள், ஆகவே நீங்களும் பிறப்பால் குடிமகள். உங்கள் மகனுக்கு இரண்டு பெற்றோரும் குடிமக்கள். தாத்தாவின் ஒரு பழைய தாள் பேரப்பிள்ளையின் பிள்ளை வரை வரும். ஆனால் இதற்கு எதிராகவும் ஒன்று நடந்திருக்கலாம். இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கொடுக்க இலங்கை 2003-இல் ஒரு சட்டம் போட்டது. இந்தியாவுக்கு அகதியாக வந்தவர்களுக்கும் 2009-இல் அதை நீட்டியது. அதன் கீழ் அம்மா எப்போதாவது விண்ணப்பித்து இலங்கைச் சான்று வாங்கினாரா என்று கேளுங்கள். வாங்கவில்லை என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

தேடுகிற விதம்: பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் விண்ணப்ப எண், கண்டியில் உள்ள இந்திய அலுவலகத்திலிருந்து வந்த கடிதம், தோட்டத்துப் பெயர், பிரிவுப் பெயர் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், ஆனால் அது குடிமக்களுக்கு மட்டும். ஆகவே உங்கள் கணவர் பெயரில் போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்புங்கள், அவர்கள் கொழும்பு அலுவலகத்துக்கு மாற்றுவார்கள். மூன்றாம் நபர் விவரம் என்று மறுக்காமலிருக்க, தாத்தாவுக்கு வாரிசாக அம்மா கொடுக்கும் சம்மதக் கடிதத்தையும் சேருங்கள்.

பாஸ்போர்ட் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் தாத்தா களக்காட்டில் பிறந்தவர் என்பது அம்மாவுக்கு உதவும். பெற்றோரில் ஒருவர் பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அவர் இந்திய வம்சாவளியினர், ஏழு வருடம் இங்கே வசித்திருந்தால் குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் பதிவு கேட்கலாம். இது அம்மாவோடு நிற்கும், தாத்தாவைக் காட்டி நீங்கள் கேட்க முடியாது. தாத்தா பிறப்புக்குச் சான்று கிராமப் பிறப்புப் பதிவேடு, பழைய பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, சர்ச் பதிவேடு. திருநெல்வேலிப் பக்கத்துச் சர்ச்சுகளில் நூறு வருடத்துக்கு முந்திய ஞானஸ்நான ஏடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், கேட்டால் நகல் தருவார்கள். சட்டவிரோதக் குடியேறி என்ற தடை அம்மாவுக்கும் குறுக்கே வரும். 2019 ஜூனில் இந்திய வம்சாவளி என்று சொல்லி 65 பேர் போட்ட வழக்கில், புதிதாக மனுக் கொடுங்கள், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்கட்டும் என்று மதுரைக் கிளை சொன்னது. குடியுரிமையை அது கையில் கொடுக்கவில்லை, மனுவை வாங்கிப் பார்க்கச் சொன்னது. உங்கள் வழக்கறிஞர் அதன் இன்றைய நிலையைச் சரிபார்த்துவிட்டு மேற்கோள் காட்டட்டும்.

உங்கள் கல்யாணத்தைப் பதிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் பதியுங்கள். குடிமகனை மணந்து ஏழு வருடம் இங்கே வசித்தவர் பதிவு கேட்க ஒரு வழி இருக்கிறது. அது உங்களுக்குப் பிறகு உதவலாம். அந்த ஏழு வருடத்தை நிரூபிப்பதும் அதே முகாம் பதிவேடுதான். அதற்கான இணைய விண்ணப்பம் செல்லுபடியாகும் வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கேட்கும். அந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிறார்கள். அம்மாவின் தாள் தேடி முடியும் வரை நீங்களும் ஓட வேண்டாம். மகனுடைய பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர், முகவரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா போக ஆசைப்பட்டால் போகட்டும், அவர் மட்டும். அந்தப் படிவத்தில் அவர் பெயர் தவிர வேறு பெயர் இருக்கக் கூடாது. ‘குடும்ப உறுப்பினர்கள்’ என்ற கட்டம் காலியாக இருந்தால் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திடச் சொல்லுங்கள். காலிக் கட்டம் பிறகு நிரம்பும். தமிழில் எழுதியிராத தாளில் கையெழுத்து வேண்டாம், மொழிபெயர்ப்பு கேளுங்கள். கொடுக்கும் முன் செல்போனில் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மனம் மாறினால் வெளியேறும் அனுமதி வருவதற்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். போன பிறகு முகாம் பெயர் போய்விடும், மறுபடி வந்தால் 2015-க்குப் பின் வந்தவராகத்தான் கணக்கு. ஆகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஒன்று கிடையாது.

அங்கே இரண்டு விஷயத்தைச் சரிபார்க்காமல் டிக்கெட் போட வேண்டாம். ஒன்று, படகில் வந்ததே இலங்கைச் சட்டத்தில் குற்றம். குடிவரவு குடியகல்வுச் சட்டப்படி அனுமதித்த துறைமுகம், விமான நிலையம் தவிர வேறு வழியாக நாட்டை விட்டுப் போகக் கூடாது. 2025 மே மாதம், முறையாகத் திரும்பிய முதியவர் ஒருவரையே பலாலி விமான நிலையத்தில் இதற்காகப் பிடித்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு நடைமுறையை மாற்றுவோம் என்று அமைச்சர் சொன்னார். மாறியது எழுத்தில் இருக்கிறதா என்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் சென்னை அலுவலகத்திலும் துணைத் தூதரகத்திலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது, மன்னாரில் நிலம். உறுதிப் பத்திரமா, அரசு அனுமதிப் பத்திரமா என்று பாருங்கள். பத்து வருடம் தடையில்லாமல் அனுபவித்தவர் உரிமை கோருகிற சட்டம் அங்கே இருக்கிறது. அங்கே உள்ள சொந்தக்காரர் யாராவது கிராம அலுவலரையும் பிரதேச செயலகத்தையும் பார்த்து, இன்று அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று எழுதி அனுப்பட்டும்.

படிவத்தோடு யாராவது வந்து இன்றே கையெழுத்துப் போடு என்று அவசரப்படுத்தினால், வந்தவர் பெயர், பதவி, தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு, அடுத்த திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுங்கள். மனு எண் வாங்காமல் வராதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள், குடியுரிமை அங்கே நிபந்தனை இல்லை. மனு அம்மா பெயரிலும் உங்கள் பெயரிலும் தனித்தனியாகப் போகட்டும். அண்ணனுடையது மூன்றாவது மனு. முதல் தடவை போகும்போது அசல் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.